இன்பமணி குடியிருந்த வீடு

காலை ஏழு நாற்பத்திரண்டுக்குத் தன் வண்டிக்கு அபராதம் விழுந்த செய்தி, பகல் இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்தபோதுதான் இன்பமணிக்குத் தெரிந்தது. நைட் டூட்டி முடிந்து ஏழரைக்கு வந்து, தெருவின் எதிர்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கக் கண்டு, வண்டியை விட்டுவிட்டு மாடியேறிப் படுத்தவள். அடுத்த பன்னிரண்டு நிமிடத்துக்குள் யாரோ பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'குடியிருப்போருக்கான இடத்தில் அனுமதியின்றி வண்டி நிறுத்தியது' என்றது குறுஞ்செய்தி.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அபுதாபியின் அந்தத் தெருவில், அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், அவள் பதிமூன்று வருடமாக இருக்கிறாள். காய்கறிக் கடைக்காரரிலிருந்து சலவைக் கடைப் பையன்கள் வரை எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'. குடியிருப்போர் இடம் அவளுக்கு இல்லையென்றால் பிறகு யாருக்கு?

அந்தத் தெருவில் வண்டிக்கு இடம் பிடிப்பது பெரும்பாடு. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை எட்டு மணிவரை, கோடு போட்ட இடங்களில் அந்தத் தெருவாசிகளின் வண்டிகள் மட்டுமே நிற்கலாம். அதற்கு பெர்மிட் வேண்டும். பெர்மிட் வாங்க, வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு வண்டிகள், அதற்குமேல் கிடையாது. முன்பெல்லாம் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் தருவார்கள். இப்போது எல்லாம் நம்பர் பிளேட்டோடு கணினியில் சேர்ந்துகொண்டது. பெர்மிட் இருக்கிறதா, போய்விட்டதா என்று வண்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, சொந்தக்காரர் உட்பட.

இன்பமணிக்கு வயது நாற்பத்தொன்பது. முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்து, இருபத்தாறு வயதில் ஓமானில் உள்ள சலாலாவுக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஏழு வருடம். பிறகு அபுதாபியில் ஒரு தனியார் மருத்துவமனை, டயாலிசிஸ் பிரிவு. கணவன் ஜஸ்டஸ் சவூதியின் ஜுபைலில் ஓர் உர ஆலையில் டெக்னீஷியன். கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆகிறது. லீவு லீவாக இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் இரண்டு வருடம் தேறாது. குழந்தை இல்லை. தினமும் அவள் தூங்கி எழுந்ததும் ஜஸ்டஸ் போன் பண்ணுவான். என்ன சாப்பிட்டாய், முட்டுவலி எப்படி, யூரியா பிளான்ட்டில் என்ன பிரச்சினை என்று பேச்சு ஓடும்.

அந்த வெள்ளி நிறச் சின்ன வண்டியை வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. டிரைவிங் டெஸ்டில் ஐந்து முறை தோற்று ஆறாவது முறை தேறினாள். நைட் டூட்டி முடிந்து மருத்துவமனை வேனுக்காக முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்த காலம் அதோடு முடிந்தது. 

அன்று மத்தியானம் ரெஜின் சாப்பிட வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

ரெஜின் யாரென்று சொல்ல வேண்டும். அவளுடைய ஊர்க்காரன், நான்கு வீடு தள்ளி. விசிட் விசாவில் வந்து வேலை கிடைக்காமல் அலைந்தபோது, அவன் அம்மா இன்பமணியின் கையைப் பிடிக்காத குறையாகப் போனில் அழுதாள். இன்பமணி தன் நோயாளி ஒருவரிடம் கேட்டாள். அந்தப் பெரியவரின் மகன் டைப்பிங் சென்டர் நடத்துகிறவர். விசா, வாடகை, பெர்மிட் என்று அரசாங்கத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பங்களை அரபியில் அடித்து அனுப்பும் கடை. ரெஜின் அங்கே சேர்ந்தான். கெட்டிக்காரன். ஒரே வருடத்தில் அரபி எழுதவும் படிக்கவும் பழகிவிட்டான். 

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவியைக் கூட்டிவர அவன் பெயரில் வாடகை ஒப்பந்தம் வேண்டும். இன்பமணியோடு அந்த வீட்டைப் பகிர்ந்திருந்த இரண்டு நர்சுகள் அப்போதுதான் அயர்லாந்துக்குப் போயிருந்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. தன் பெயரில் இருந்த ஒப்பந்தத்தை ரெஜின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். 'உடன் வசிப்போர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் சொன்னாள். சுபிஷா வந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்தின்போதும் சுபிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இன்பமணிதான். ரெஜினுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும்.

"அக்கா, இத எதுக்குப் பெருசாக்குதீங்க?" என்றான் ரெஜின், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நான் கெட்டிடுதேன். சீக்கிரம் கெட்டினா குறைச்சும் குடுப்பாவ."

"நீ எதுக்குக் கெட்டணும்? செய்யாத தப்புக்கு ஒருத்தரும் கெட்ட வேண்டாம். எனக்கு பெர்மிட் இரிக்கா இல்லியா?"

"இரிக்கு."

"பின்னே என்ன? அவிய கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு. எழுதிப் போடு."

சுபிஷா எழுந்து குழம்பு எடுக்க அடுக்களைக்குப் போனாள். மேசைமேல் சட்டி நிறையக் குழம்பு இருந்தது. இன்பமணி அதைப் பார்த்தாள். அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"எழுதிப் போடலாம்" என்றான் ரெஜின். "ஆனா அக்கா, இந்த ஆட்சேபனை எல்லாம் நூத்துக்கு ரெண்டுதான் ஜெயிக்கும்."

"நான் அந்த ரெண்டுல ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தாள் அவள்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்தான். முழுதும் அரபி. ஒரு பக்கத்தில் பாதிக்கும் குறைவு. இன்பமணி அரபி பேசுவாள். இருபது வருடம் நோயாளிகளோடு பேசிப் பேசி வந்த பேச்சு. படிக்கத் தெரியாது. எண்களையும் தன் பெயரையும் மட்டும் கண்டுபிடிப்பாள்.

"என்ன எழுதியிரிக்க?"

"நீங்க சொன்னதுதான். இந்தத் தெருவுல குடியிருக்கேன், பெர்மிட் உண்டு, தப்பா விழுந்திரிக்கு, ரத்து செய்யணும்னு."

துணி தேய்க்கும் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அழகாக அடித்திருக்கிறானே என்று நினைத்தாள். அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். ரெஜின் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்து நாளில் பதில் வந்தது. தள்ளுபடி. 'ஏற்கத் தக்க காரணம் இல்லை' என்று ஒரே வரி. அதே வாரம் இரண்டாவது அபராதமும் வந்தது. இந்தத் தடவை ஏழு ஐம்பத்தொன்று. எட்டு மணிக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. டயாலிசிஸ் பிரிவில் எல்லோரிடமும் சொன்னாள். இந்த ஊரில் குடியிருப்பவளைக் குடியிருப்பவள் இல்லை என்கிறார்கள், எழுதிக் கொடுத்தால் படித்துக்கூடப் பார்ப்பதில்லை என்றெல்லாம் வாரக்கணக்கில் அந்த அலுவலகத்தைத் திட்டினாள். வாரம் மூன்று நாள் தாயைக் கூட்டிவரும் ஸஹ்ரா என்ற அரபுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், யார் மூலமாகவும் அனுப்பாதீர்கள். நேரே போங்கள். உங்கள் ஃபைலைத் திறந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள், படித்துக் காட்டுவார்கள்" என்றாள்.

வீட்டில் அதைச் சொன்னபோது ரெஜின் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"வேண்டாம் அக்கா. போனா வீட்டுக் கணக்க எல்லாம் கேப்பாவ. ஒரு குடும்பத்துக்குக் குடுத்த வீட்டுல இன்னொரு ஆளு எப்படின்னு கேட்டா, நமக்கெல்லாம் தொல்ல. பிள்ளைகளுக்க விசா வேற புதுப்பிக்க இரிக்கு."

"எனக்க பேருதான் ஒப்பந்தத்துல இரிக்கே?"

"இரிக்கு. இருந்தாலும்..." என்று அவன் இழுத்தான். "ரெண்டையும் நானே கெட்டிடுதேன் அக்கா. விட்டிருங்க."

அவன் பயந்தது பிள்ளைகளுக்காக என்று இன்பமணி நினைத்துக்கொண்டாள். அதனால் அவனிடம் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆஃப். காலையில் அடையாள அட்டையையும் வண்டியின் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சேவை மையத்தில் டோக்கன் எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தாள். கவுண்டரில் இருந்தவள் ருமைஸா என்ற இளம் அதிகாரி. இன்பமணி அரபியில் பேசத் தொடங்கியதுமே அவள் முகம் மலர்ந்தது.

"இது இங்கே படித்த அரபி இல்லையே, அக்கா. ஓமான் வாடை அடிக்கிறது."

"சலாலாவில் ஏழு வருடம் இருந்தேன்."

"என் பாட்டி வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது" என்று சிரித்துவிட்டு, ருமைஸா அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"உங்கள் வண்டிக்கு பெர்மிட் இல்லை."

"இருக்கிறது. நான்கு வருடமாக இருக்கிறது."

"இருந்தது. சென்ற ஏப்ரலில் ரத்தாகியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் புதுப்பித்தபோது உடன் வசிப்போரில் உங்கள் பெயர் சேர்க்கப்படவில்லை. வீட்டுக்கு இரண்டுதான். ஒன்று வாடகைதாரரின் வண்டி, உங்கள் இடத்தில் வேறொரு வண்டிக்கு பெர்மிட் கொடுத்திருக்கிறோம்."

அவள் ஒரு வண்டி எண்ணைச் சொன்னாள். ஏப்ரலில் சுபிஷாவுக்காக வாங்கிய வெள்ளை வண்டியின் எண். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட, மாலையில் டியூஷனுக்குக் கூட்டிப்போக. அந்த வண்டிக்குப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணியபோது மெழுகுதிரி பிடித்து நின்றவள் இன்பமணி.

"பெயர் விட்டுப்போயிருக்கும்" என்றாள் இன்பமணி. "அடிக்கும்போது தவறியிருக்கும்."

ருமைஸா தயங்கினாள். பிறகு திரையைப் பாதி திருப்பி, விரலால் தொட்டுத் தொட்டு நிதானமாகப் படித்தாள்.

"வாடகைதாரர் உறுதிமொழி கொடுத்திருக்கிறார். 'மேற்படி நபர் பிப்ரவரி மாத இறுதியில் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டார். தற்போது இங்கே என் மனைவி மக்கள் தவிர வேறு யாரும் வசிக்கவில்லை.' கீழே கையெழுத்து இருக்கிறது."

பிப்ரவரி மாத இறுதியில் அந்த வீட்டில் சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தது. சுபிஷாவுக்கு அம்மை வந்ததில்லை என்பதால், குழந்தையைத் தன் அறையில் தன் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டு, ஒன்பது நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தது அவள்தான்.

"ஆனால் நான் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தேனே? அதில் எல்லாம் சொல்லியிருக்கிறேனே?"

"அதையும் படிக்கவா?"

"படியுங்கள்."

"'அன்று நான் அந்தத் தெருவில் உள்ள நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். அது குடியிருப்போருக்கான இடம் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து இந்த ஒருமுறை மன்னிக்கவும்.'" ருமைஸா நிமிர்ந்து பார்த்தாள். "இது உங்கள் கையெழுத்துத்தானே?"

இன்பமணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவளுடைய கையெழுத்துத்தான். துணி தேய்க்கும் மேசை விரிப்பின் சுருக்கத்தில் 'மணி'யின் வால் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் அந்த வீட்டில் இருக்கிறீர்களா, இல்லையா?"

"இருக்கிறேன்."

"அப்படியென்றால் அந்த உறுதிமொழி பொய். நீங்கள் புகார் எழுதிக் கொடுத்தால் உங்கள் அபராதம் இரண்டும் மறுபரிசீலனைக்கு வரும். ஆனால் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பத்து நாள் அவகாசம் இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்." குரலைத் தாழ்த்தி, "இந்த வாடகைதாரர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள்.

இன்பமணிக்கு அந்தக் கேள்விக்கு அரபியில் வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு தாளுக்கும் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வாரமும் இந்த அலுவலகத்தைத்தானே திட்டினோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. தனக்கு உண்மையைச் சொன்ன ஒரே இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது சுபிஷா கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளியில். இன்பமணி இரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சுபிஷாவுக்கும் அரபி தெரியாது. ஆனால் தாளின் தலையில் இருந்த முத்திரையைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது. எழுந்து ரெஜினுக்குப் போன் பண்ணினாள். அவன் கால் மணி நேரத்தில் வந்துவிட்டான்.

"அது ரெண்டும் என்ன பேப்பர்னு எனக்கு வாசிச்சுக் காட்டு மக்கா" என்றாள் இன்பமணி. "சத்தமா வாசி."

ரெஜின் தாளைத் தொடவில்லை. "அக்கா, அது சும்மா ஃபார்மாலிட்டி. பேப்பர்ல அப்படி எழுதினாத்தான் அந்த வண்டிக்கு பெர்மிட் கெடைக்கும். நெஜத்துல என்ன மாறிச்சு? நீங்க ஒங்க ரூம்லதான் இரிக்கீங்க. ஒருத்தரும் ஒங்கள வெளிய போகச் சொல்லலியே."

"வெளிய போயிட்டேன்னு எழுதிக் குடுத்திரிக்கியே, லேய்."

"எட்டு மணிக்கு முன்னால ஒருத்தனும் வந்து பாக்க மாட்டான்னு நெனச்சேன். இத்தன நாளும் வரலியே. ஆறு மாசம் வரல."

"சரி. அது ஒனக்க வண்டிக்காகச் செஞ்ச. இது?" இரண்டாவது தாளைத் தட்டினாள். "இத எனக்காகத்தானே எழுதின? விருந்தாளின்னு எழுதி, எனக்க கையாலயே கையெழுத்து வாங்கியிரிக்க. என்ன எழுதியிரிக்கன்னு நான் கேட்டேன். கேட்டேனா இல்லியா?"

"குடியிருக்கேன்னு எழுதினா மொத பேப்பர் பொய்யின்னு ஆயிரும்" என்றான் ரெஜின். "எனக்கு வேலையே போயிரும் அக்கா. டைப்பிங் சென்டர்ல இருந்துக்கிட்டு பொய் உறுதிமொழி குடுத்தான்னா என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு ஒன்ன சேத்துவிட்டது யாரு?"

இதுவரை பேசாமல் இருந்த சுபிஷா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசினாள். "ஒங்களுக்கு ஒங்க பக்கம் மட்டும்தான் தெரியும் அக்கா. எட்டு வருசமா பகல்ல இந்த வீட்டுல ஒரு மிக்சி போட முடியாது. பிள்ளைகள் சத்தமாச் சிரிச்சா நான் வாயப் பொத்துவேன், ஆன்ட்டி தூங்குதாவன்னு. எனக்க வீட்டுல நான் குசுகுசுன்னு பேசிட்டுத் திரியுதேன். நாங்க என்னைக்காவது ஒங்ககிட்ட சொல்லியிரிக்கோமா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் இன்பமணி.

"ரெண்டு பேரும் சும்மா செய்யல. அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம்."

ரெஜின் சட்டென்று மனைவியைப் பார்த்தான்.

"எந்த அண்ணன்?"

"ஜஸ்டஸ் அண்ணன்தான். இன்பம் டிசம்பர்ல ஊருக்கு வந்திருவா, அவளுக்கு இனி பெர்மிட் எதுக்கு, எடுத்துக்கிடுங்கன்னு அவியதான் சொன்னாவ."

இன்பமணி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜுபைலுக்குப் போன் பண்ணினாள். அந்த நேரத்தில் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஜஸ்டஸ் பதறிப்போய் எடுத்தான்.

"ஏட்டி, என்ன ஆச்சு? ஒடம்புக்கு ஏதாவது..."

"எனக்க பேர எடுக்கலாமான்னு ரெஜின் ஒங்ககிட்ட கேட்டானா?"

எதிர்முனையில் ஆலைச் சத்தம் கேட்டது. அவன் எங்கோ கொஞ்சம் தள்ளிப் போகிறான் என்பது அந்தச் சத்தம் குறைந்ததில் தெரிந்தது.

"கேட்டான். அது ஒரு பெரிய காரியமா?"

"நான் டிசம்பர்ல ஊருக்குப் போறேன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

"எனக்கு இங்க டிசம்பரோட முடியுது இன்பம். கான்ட்ராக்ட் புதுப்பிக்கல. நான் ஊருக்குப் போறேன். நீ மட்டும் அங்க இருந்து என்ன செய்யப் போற? வந்திருவேன்னுதானே நான் நெனப்பேன்?"

"ஒங்க வேல முடியுதுன்னு ஏப்ரல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"தெனமும் பேசுதோமே. ஏழு மாசமா தெனமும்."

"நேர்ல பாக்கும்போது சொல்லலாம்னு..." என்றான் ஜஸ்டஸ்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதுவரை வேலை பார்ப்பது என்று அவள் தீர்மானித்திருந்தது அவனுக்குத் தெரியும். அதற்கு எதிராக அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் மீன் குழம்பைப் பற்றியும் முட்டுவலியைப் பற்றியும் கேட்டுக்கொண்டே, அவள் போக வேண்டிய நாளை அவன் ரெஜினிடம் சொல்லியிருக்கிறான். ரெஜின் அதை அரபியில் அடித்திருக்கிறான். அவள் அன்று அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இந்த ஏழு மாதத்தில் மூவரும் தன்னிடம் பேசிய பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதையும் முன்புபோல நம்ப முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று ஜஸ்டஸ் சொன்னதும், அக்கா இந்தத் தடவை நிறைய சாமான் கொண்டுபோங்க என்று சுபிஷா பெட்டி வாங்கிக் கொடுத்ததும் அன்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் ரெஜின் அவள் அறை வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"புகார் குடுக்கப் போறீங்களா அக்கா?"

"நீ வா. எனக்க கூட அந்த கவுண்டருக்கு வந்து, நான் இந்த வீட்டுலதான் இரிக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"அது முடியாதுக்கா."

"கேட்டிருந்தா அந்த பெர்மிட்ட நான் தந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. மாட்டேன்னுகூடச் சொல்லியிருப்பேன். சண்ட போட்டிருப்போம். ஆனா நீ கேட்டிருக்கணும்."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல அவள் அறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். இன்பமணி வண்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு மறுபடி வேனில் வந்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் சேவை மையத்துக்குப் போனாள். புகார் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். ருமைஸாவே படிவத்தை எடுத்து வைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினாள். முகவரி. எந்த ஆண்டிலிருந்து. பொய் உறுதிமொழி கொடுத்தவர் பெயர். அதுவரை இன்பமணியின் குரல் தெளிவாகவே இருந்தது.

"இப்போது அந்த வீட்டில் உள்ள மற்றவர்கள். பெயரும் பிறந்த தேதியும்."

"எதற்கு?"

"பரிசோதனைக்குப் போகிறவர்கள் சரிபார்க்க."

பெரியவள் பிறந்தது ஆகஸ்ட் பதினொன்று, காலை நான்கு மணி. சின்னவள் ஜனவரி மூன்று, சிசேரியன். இரண்டு பேரையும் முதலில் கையில் வாங்கியவள் அவள். இன்பமணி படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம் அம்மா" என்றாள். "அபராதத்தை இங்கேயே கட்டலாமா?"

ருமைஸா பேனாவை வைத்தாள். "உங்கள் மேல் தப்பில்லை, அக்கா. கட்டிவிட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும்."

"தெரியும்."

"அந்த ஆளை மன்னித்துவிட்டீர்களா?"

"இல்லை" என்றாள் இன்பமணி. அட்டையை எடுத்து நீட்டினாள்.

அடுத்த மாதம் அவள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு பார்த்துக்கொண்டு போனாள். உடன் வேலை செய்யும் கனகா என்ற நர்ஸ் சாமான்களை ஏற்றி இறக்க வந்தாள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸஹ்ரா வாசித்துச் சொன்ன பிறகே இன்பமணி கையெழுத்துப் போட்டாள். தாய்க்கு டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரத்தில் ஸஹ்ராவுக்கும் வேறு வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இன்பமணி பழகத் தொடங்கினாள். மருத்துவமனையோடு இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள்.

ஜஸ்டஸ் டிசம்பரில் ஊருக்குப் போனான். வெள்ளையடித்த வீட்டின் படங்களை அனுப்பினான். போன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறான். சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள். எடுத்தால் மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அவன் ஒருமுறை, "நான் செஞ்சது தப்புத்தான்" என்றான். அவள், "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனாள்.

டைப்பிங் சென்டரில் ரெஜினின் வேலை போகவில்லை. அந்தத் தாள்களைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் அம்மா மட்டும், இன்பமணி ஏன் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள், அவளுக்கு அப்படி என்ன கோபம் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. இன்பமணி அதற்கும் பதில் சொல்லவில்லை.

தமிழ்ப் பூசைக்கு இரு தரப்பும் ஒரே கோவிலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது, சின்னவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"ஆன்ட்டி, உங்களுக்கு டூட்டி மாறினதாலதான் நீங்க வீடு மாறினீங்கன்னு டாடி சொன்னாங்க. ட்ரூவா?"

இன்பமணி நிமிர்ந்தாள். வாசல் கதவுக்கருகே ரெஜின் நின்றான். கைப்பேசியில் எதையோ தேடுவதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டான். சுபிஷா பெரியவளின் தலைமுடியைத் தேவையில்லாமல் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இல்ல மக்கா" என்றாள் இன்பமணி.

"அப்புறம் ஏன்?"

குழந்தையின் கையை மெல்ல விடுவித்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். "அத டாடிகிட்ட இன்னொரு தடவ கேளு. சரியாச் சொல்லுத வரைக்கும் கேளு" என்று சொல்லிவிட்டு, வெயிலில் நின்ற தன் வண்டியைப் பார்த்து நடந்தாள்.